கிண்ணத்தில் தங்கினது

கப்பலில் மூன்று மாடி உயர எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுப் பழகின ஒரு மனுஷன், முழங்கால் உயர மோட்டார் ஒன்றிடம் தோற்றுப்போனான். கதை அங்கேதான் தொடங்குகிறது.

அவன் பேர் வியாகப்பன். ஊர் மாதாமுனை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் நுரை வந்து வாசற்படியைத் தொட்டுப் பார்க்கிற ஊர். பதினெட்டு வருஷமாகக் கப்பல் வேலை. வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவு. மூத்தவள் தெக்லாவுக்குப் பதினொரு வயது, இளையவள் செலினுக்கு ஆறு. இரண்டு பேருமே அப்பாவைப் போட்டோவில் அதிகமும் நேரில் கொஞ்சமும் பார்த்து வளர்ந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்தால் வள்ளங்கள் கரையில் சும்மா கிடக்கும். ஆம்பளைகள் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சானுடைய வள்ளத்தைக் கேட்டு வாங்கி, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டி, பாறை ஓரம் தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போனான் வியாகப்பன்.

போகும்போது தானாகப் போன வள்ளம், வரும்போது இன்னொரு வள்ளத்தின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு வந்தது.

மறுநாள் காலை மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு கித்தேரியின் ரிப்பேர் ஷெட்டுக்கு வந்தான்.

கித்தேரிக்கு முப்பத்திரண்டு வயது. வியாகப்பனைவிடப் பதின்மூன்று வயது இளையவள். அவள் கை படாமல் அந்தத் துறையில் ஒரு மோட்டாரும் ஓடாது. ஆனாலும் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பொம்பளை வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் மீன் படாது என்று. ஊர்க் கமிட்டி அவளைக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கடல்ல கால் வைக்கலாமா?"

கமிட்டிக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கடலைப் பற்றி விதி ஒன்றும் இல்லை.

அன்று முதல், மிதக்கிற வள்ளத்தில் மோட்டார் பழுதென்றால் அவள் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி, வள்ளத்துக்கு வெளியே நின்றபடியே வேலை பார்த்தாள். அலை முகத்தில் அடிக்கும். வாய்க்குள் போன உப்பைத் துப்பிவிட்டு ஸ்பானரைத் திருப்புவாள். ஒரு பெரியவர் மனசு கேட்காமல், "ஏறிக்கோ தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"கூடாதுன்னு சொன்ன எல்லா வாயும் சொல்லட்டும். அப்ப ஏறுதேன்" என்றாள்.

அந்த எல்லா வாயும் இன்னும் திறக்கவில்லை. அவளும் இன்னும் ஏறவில்லை.

வியாகப்பன் மோட்டாரை மரச் சட்டத்தில் மாட்டினான்.

"கிளம்ப மாட்டேங்குது கித்தேரி. பிளக் போயிருக்கும். மாத்திக் கொடு. அடுத்த திங்கக்கிழமை நான் கப்பலேறணும். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கு."

"அன்னைக்கு என்ன நடந்துச்சுண்ணே?"

"என்ன நடந்துச்சு? பாறைகிட்டப் போய் நிறுத்துனேன். தூண்டில் போட்டோம். மூத்தவ ஒரு விளமீன் பிடிச்சா. திரும்பலாம்னு கயிறை இழுத்தேன். கிளம்பல. அவ்வளவுதான்."

அவள் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்ப மாட்டினாள்.

"பிளக்குல ஒண்ணும் இல்ல. இந்த மோட்டாரை நான் சரி பண்ண மாட்டேன்."

"பின்ன யார் பண்ணுவா?"

"நீங்க."

"நானா? நான் மூணு மாடி எஞ்சின் பாத்தவன்மா."

"இது முழங்கால் உசரம்தான. சீக்கிரம் கத்துக்கிடுவீங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் கையை வைத்தான். பிறகு ஏனோ கையை எடுத்துவிட்டான்.

"மூத்தவ இனிமே வரவே மாட்டேன்னு சொல்லிட்டா. மோட்டார் ஓடுறதைக் கண்ணால பாத்தா வருவான்னு நெனைக்கேன்."

"ஏன் வரமாட்டாளாம்?"

"பிடிவாதம். வேற என்ன?"

கித்தேரி ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீரைக் காட்டினாள். "மொதல்ல உப்பைக் கழுவுங்க."

அன்று முழுக்க அவன் உப்பைக் கழுவினான்.

துறையில் செய்தி பரவுவதற்கு ஒரு பொழுது போதும். சாயங்காலம் இன்னாசி ஷெட்டு வாசலில் வந்து நின்றான். கயிறு கட்டி இழுத்து வந்த வள்ளம் அவனுடையதுதான்.

"என்னப்பா வியாகப்பா, கப்பல்ல ஆபீசர், கரையில பொம்பளைகிட்டப் பாடமா? அவளை என்னன்னு கூப்பிடுவ? டீச்சர்னா?"

வியாகப்பனின் கையில் அழுக்குத் துணி இருந்தது. அதை உதறினான். இதுவரை அவன் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தான். இன்னாசி சிரித்த சிரிப்பில்தான் அந்த வார்த்தை அவன் வாயில் வந்தது.

"ஆசான்னு கூப்பிடுவேன்" என்றான்.

"ஆசானுக்கு அண்ணே, அண்ணனுக்கு ஆசான்! நல்ல கூத்துலே."

"நீ கூப்பிடாட்டியும் உன் மோட்டாருக்குத் தெரியும் அவ யார்னு. போ."

கித்தேரி தலை நிமிரவில்லை. கிரீஸ் டப்பாவை அவன் பக்கம் தள்ளிவைத்தாள்.

இரண்டாம் நாள்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுண்ணே?"

"நேத்தே சொன்னேனே ஆசானே."

"இன்னைக்கும் சொல்லுங்க."

"கயிறை இழுத்தேன். கிளம்பல. கொஞ்சம் கோவப்பட்டேன்."

"யார் மேல?"

"மோட்டார் மேல."

"மோட்டார் அழுதுச்சா?"

அவள் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினான். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றிக் கிடந்தது. ரோஸ் நிறத்தில், மெல்லிசாக, சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற நரம்பு.

"செலினோடது" என்றான். "அவ தூண்டிலைத் தண்ணியில விட்டுட்டா. நான் கயிறை இழுக்க இழுக்க விசிறி சுத்தி நரம்பை இழுத்திருக்கு."

"எதுக்கு விட்டா?"

"நான் போட்ட சத்தத்துல."

அந்த நரம்பை அறுக்காமல் ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்து முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவன் ஒரு பெரிய பை நிறையப் பேச்சோடு வந்தான். வெளிநாட்டுச் சாக்லேட் கொடுத்தானாம், தெக்லா தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாளாம். கவுன் கொடுத்தானாம், மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துவிட்டாளாம். கைக்கடிகாரம் கொடுத்தானாம், அதைத் திரும்ப அவன் மேசையிலேயே கொண்டுவந்து வைத்து, "எனக்கு மணி தெரியும்" என்றாளாம்.

"அவங்க அம்மா என்ன சொன்னா தெரியுமா? 'உங்க பிள்ளைதான, வேற எப்படி இருப்பா'ங்கா."

கித்தேரி சிரித்தாள். "பெட்ரோல் ஊத்தி இழுத்துப் பாருங்க."

ஊற்றினான். இழுத்தான். பத்துத் தடவை. இருபது தடவை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்பது தடவை வரை இழுத்தான். மோட்டார் இருமக்கூட இல்லை.

"நல்ல பெட்ரோலா ஊத்துதேன். எவ்வளவுதான் ஊத்த? சனியன் அசைய மாட்டேங்குதே!"

அவள் ஒரு கண்ணாடி டம்ளரையும் திருப்புளியையும் நீட்டினாள்.

"கார்பரேட்டருக்கு அடியில ஒரு கிண்ணம் இருக்கு. கிண்ணத்துக்கு அடியில ஒரு திருகு. கழட்டி இதுல பிடிங்க."

கழற்றினான். கொஞ்சம்தான் வந்தது. டம்ளரின் கால்வாசிகூட இல்லை.

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தான். பெட்ரோல் இல்லை. மண்ணெண்ணெய்.

அந்தக் கடற்கரை மோட்டார்களின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவை பெட்ரோலில்தான் கிளம்பும். சூடான பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். மண்ணெண்ணெயில் நாள் முழுக்க ஓடும். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம்தான் நிறுத்த வேண்டும். மாற்றாமல் நிறுத்தினால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். சூடு ஆறின மோட்டார் அதை ஏற்காது. கிண்ணம் நிறைந்திருக்கிறவரை மேலிருந்து பெட்ரோல் வர இடமும் இருக்காது.

வியாகப்பன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்தாம நிறுத்திட்டேன்."

"கப்பல்ல எப்படிண்ணே?"

"கப்பல்லயும் இப்படித்தான். துறைமுகம் வர்றதுக்கு முந்தியே கெட்டி எண்ணெயை விட்டு லேசான எண்ணெய்க்கு மாத்திருவோம். என் கையால எத்தனையோ தடவை மாத்தியிருக்கேன்."

"பின்ன?"

"இது சின்னதுதானேன்னு நெனைச்சேன்."

"அன்னைக்கு யாரும் உங்ககிட்டச் சொல்லலையா?"

வெளியே காக்கா ஒன்று கருவாட்டுக் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதை விரட்டுகிறவன் போல எழுந்தான். விரட்டவில்லை. திரும்ப உட்கார்ந்தான்.

"தெக்லா சொன்னா."

"என்னன்னு?"

"'யப்பா, பெட்ரோலுக்கு மாத்தலையே'ன்னா."

"நீங்க?"

"வாயை மூடிட்டு இருடின்னேன். அவளுக்கு எப்படி ஆசானே தெரியும் இதெல்லாம்?"

"பள்ளிக்கூடம் விட்டா நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்திருப்பா. நீங்க ஊருக்கு வந்த பிறகு வரல. அப்பாகூட இருக்கணும்னு சொன்னா."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்புறம் என்ன நடந்துச்சுண்ணே?"

"கிளம்பல. கத்துனேன். சின்னவ அழுதா. கரையில இருந்து இன்னாசி வள்ளம் வந்துச்சு. கயிறு கட்டும்போது சொன்னான், 'பொட்டப்பிள்ளைகளை ஏத்துனா மோட்டார் எப்படிலே ஓடும்'னு. அவன் வள்ளத்துல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

அவன் டம்ளரைத் திரும்பக் கையில் எடுத்தான்.

"நானும் சிரிச்சேன்."

அவள் காத்திருந்தாள்.

"சிரிச்சிட்டு, 'ஆமாலே, இவ ஏறுனதாலதான்'னேன். அவளைக் கையைக் காட்டிச் சொன்னேன்."

கித்தேரி திருகை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மாட்டினான். பிளக்கைத் துடைத்தான். கயிறைப் பிடித்தான்.

இரண்டாவது இழுப்பில் மோட்டார் கிளம்பிவிட்டது. ஷெட்டு முழுக்கப் புகையும் சத்தமும். நாற்பத்தைந்து வயசு மனுஷன், சட்டையில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினான்.

"ஓடுது ஆசானே! ஓடுது!"

"ஓடட்டும். வீட்டுக்குப் போங்க" என்றாள்.

சனிக்கிழமை அவன் தொங்கின முகத்தோடு வந்தான்.

"சொல்லிட்டேன் ஆசானே. அன்னைக்கே வீட்டுக்குப் போனதும் சொல்லிட்டேன். அடுப்படியில வச்சு, அவ காதுல மெதுவா, 'அப்பா மேலதான் தப்பு'ன்னேன். கேட்டுட்டு, 'சரி'ன்னா. 'அப்ப ஞாயித்துக்கிழமை போவமா'ன்னேன். 'நான் வரல'ன்னா. இதுக்கு மேல நான் என்ன செய்ய? திங்கக்கிழமை போனா இனி பத்து மாசம். பத்து மாசமும் அவ மனசுல நான் அந்த வள்ளத்துல நின்ன மாதிரியே நிப்பேன்."

கித்தேரி இன்னொரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணே, அது அடுப்படியிலயா தங்கியிருக்கு?"

வியாகப்பன் நின்றான். பிறகு மோட்டாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. வள்ளத்து நிழலில் சீட்டுக் கூடிவிட்டது. மச்சானுடைய வள்ளம் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. கித்தேரி நெஞ்சளவுத் தண்ணீரில், வள்ளத்துக்கு வெளியே நின்று, பின்பக்கம் மோட்டாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். செலின் மிதவைச் சட்டையோடு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து, அவிழ்த்துக் கொடுத்த ரோஸ் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தெக்லா கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தங்கச்சியை வழியனுப்ப வந்தாளாம். அப்படித்தான் சொன்னாள்.

இன்னாசி சீட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"என்னப்பா, திரும்பவும் பொட்டப்பிள்ளைகதானா? கயிறை எடுத்து வைக்கட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சிரித்த அதே சிரிப்பு. வியாகப்பன் அந்தச் சிரிப்புக்கு நடுவில் போய் நின்றான். அவன் நிழல் சீட்டின் மேல் விழுந்தது.

"இன்னாசி, போன வாரம் மோட்டார் ஏன் நின்னுச்சுன்னு தெரியுமா?"

"தெரியுமே. நீதான சொன்ன."

"பொய் சொன்னேன்."

சீட்டுப் போட ஓங்கின கை ஒன்று அப்படியே நின்றது.

"மண்ணெண்ணெயிலேயே நிறுத்திட்டேன். பதினெட்டு வருஷம் எஞ்சின் பாத்தவன் பெட்ரோலுக்கு மாத்தல. மறந்துட்டேன்னும் சொல்ல முடியாது. என் மக சொன்னா. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை சொன்னா. வாயை மூடுன்னேன். அப்புறம் உங்க முன்னால அவளைக் கையைக் காட்டுனேன்." அவன் குரல் கடல் சத்தத்துக்கு மேலே போயிற்று. "அன்னைக்கு அந்த வள்ளத்துல மோட்டார் தெரிஞ்ச ஆள் ஒருத்திதான். அது நான் இல்ல."

"சரிப்பா, அதுக்காக விதின்னு ஒண்ணு..."

"உன் மோட்டார் யார் கையால ஓடுது இன்னாசி?"

இன்னாசி சீட்டைப் பார்த்தான். பக்கத்தில் யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"சீட்டைப் போடுங்கப்பா" என்றான் இன்னாசி.

வியாகப்பன் திரும்பி வந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. தெக்லா இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள்.

"நான் ரெண்டு தடவை சொல்லல" என்றாள். "மூணு தடவை."

"மூணு தடவை" என்றான் அவன். திரும்பி, சீட்டு ஆடுகிறவர்களைப் பார்த்துக் கத்தினான். "மூணு தடவை சொன்னாளாம்!"

அவள் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. உடனே அதை அடக்கிவிட்டாள்.

"இப்ப வாரியா மக்களே?"

"வாரேன். ஆனா நான் பின்னாலதான் உக்காருவேன்."

பின்னால்தான் மோட்டார் இருந்தது.

"நான்தான் கிளப்புவேன். நான்தான் ஓட்டுவேன். நிறுத்தும்போதும் நான்தான் நிறுத்துவேன்."

"கயிறு பலமா இழுக்கணும்டி. உன் கைக்கு..."

"நீங்க ஷெட்டுல நாப்பது தடவை இழுத்தீங்களாமே. நானும் நாப்பது தடவை இழுப்பேன்."

சீட்டாடுகிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பொம்பளைப் பிள்ளை வள்ளத்தில் ஏறுவது ஒன்று; அதைக் கேலியோடு விட்டுவிடுவார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடிப்பது வேறொன்று. மாதாமுனைத் துறையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

வியாகப்பன் கரையைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். கடைசியில் தண்ணீருக்குள் நின்றவளைப் பார்த்தான்.

"ஆசானே, பதினொரு வயசு. ஊரே நின்னு பாக்குது. நான் என்ன செய்ய?"

ஒரு அலை வந்து கித்தேரியின் முகத்தில் அடித்தது. வாயிலிருந்த உப்பைத் துப்பினாள். தெக்லா ஏறுவதற்குத் தோதாக, வள்ளத்தை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க முன்னால போய் உக்காருங்கண்ணே."